எழுத்துப் பிழையும் இணைய உலாவியும்

அச்சுக்கூடங்களில் மெய்ப்புத் திருத்துவோர் என்று ஒரு சாரார் உண்டு. நூலாசிரியர் எத்துணைப் பெரியவரானாலும் அவர் எழுதியது இவர்களுடைய கண்ணைக் கடந்துதான் உலகத்தின் கண்ணில் பட வேண்டும். ஐயம் தோன்றிய இடத்தில் ஓரத்திலே ஒரு கேள்விக்குறி இட்டு, ஆசிரியருக்கே திருப்பி அனுப்புவது நல்ல திருத்துவோரின் வழக்கம். இன்று நம்மில் பலர் கடிதமும் விண்ணப்பமும் முறையீடும் எழுதுவது தாளில் அன்று. கணினியின் முன் அமர்ந்து, இணைய உலாவி காட்டும் ஒரு சிறு பெட்டிக்குள் எழுதுகிறோம். அங்கே மெய்ப்புத் திருத்துபவரின் இடத்தில் ஒரு நிரல் அமர்ந்திருக்கிறது. தனக்குத் தெரியாத சொல்லைக் கண்டால், அதன் அடியில் சிவப்பு நிறத்தில் நெளிகோடு ஒன்றை இழுக்கிறது. அதன்மேல் சுட்டியை வைத்து வலப்பக்கப் பொத்தானை அழுத்தினால், 'இதுவோ, அதுவோ' என்று சில சொற்களை நீட்டுகிறது. இந்தச் சிறு ஏவலாளைப் பற்றியே இன்று பேசக் கருதுகிறோம்.

இதனைப் பற்றி எண்ண நேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. டில்லியில் நாம் குடியிருக்கும் தெருவில் ஒரு தமிழ்க் குடும்பம் இருக்கிறது. அவ்வீட்டுப் பெண் பள்ளியிறுதித் தேர்வில் தேறி, மேற்படிப்புக்கு உதவித்தொகை வேண்டி விண்ணப்பிக்க இருந்தாள். "மாமா, ஆங்கிலத்தைச் சற்றுப் பார்த்துக் கொடுங்கள்" என்று கேட்டாள். அருகில் அமர்ந்தோம். தன்னைப் பற்றி இருநூறு சொற்களுக்குள் எழுதவேண்டிய ஒரு பெட்டி. அதில் முதல் வாக்கியத்திலேயே அவள் தன் பெயரை எழுதியிருந்தாள். அவள் பெயர் வள்ளி. வி, ஏ, எல், எல், ஐ என்னும் ஐந்து எழுத்துகளின் அடியிலும் சிவப்புக் கோடு ஓடியது. அவளுடைய தந்தையாரின் ஊர்ப்பெயருக்கும் அதே மரியாதை. உண்மையான பிழைகளும் நான்கைந்து இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டு வந்தபோது நம் கை எங்கோ தவறியது. பெயரின்மீது பட்ட சுட்டி, முதலில் நீட்டப்பட்ட சொல்லை ஏற்றுக்கொண்டுவிட்டது. பெயரின் இறுதியில் இருந்த ஐ போய், ஈயும் ஒய்யும் வந்து அமர்ந்தன. வள்ளி பள்ளத்தாக்கு ஆனாள். சிவப்புக் கோடும் மறைந்தது. கோடு மறைந்ததனால் நாமும் மனநிறைவுடன் எழுந்தோம்.

மூன்று வாரம் கழித்து, விண்ணப்பம் பெற்ற அலுவலகத்திலிருந்து மறுமொழி வந்தது. சான்றிதழில் உள்ள பெயரும் விண்ணப்ப உரையில் உள்ள பெயரும் வேறுபடுகின்றன; இரண்டும் ஒருவரையே குறிக்கும் என்பதற்குப் பிரமாணப் பத்திரம் வேண்டும் என்பது அதன் கருத்து. நம் நாட்டில் பெயரின் ஓர் எழுத்து மாறினால் எத்துணை அலைச்சல் என்பதை நேயர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. அவள் தந்தையார் இரண்டு நாள் வேலையை விட்டு அலைந்தார். கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது திருத்திய விண்ணப்பம் ஏற்கப்பட்டது. அந்த வீட்டார் நம்மை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. அதுவே நமக்குப் பெருந்தண்டனையாக இருந்தது. இதனினும் நல்ல திருத்தி ஒன்று கிடைக்குமா என்று தேடத் தொடங்கினோம்.

தேடத் தொடங்கியதும் முதலில் தெளிவானது இது: திருத்திக்குச் சரி, தவறு என்பன தெரியா. தெரிந்த சொல், தெரியாத சொல் என்ற இரண்டே அதற்குத் தெரியும். அதனிடம் ஒரு சொற்பட்டியல் இருக்கிறது, நாம் எழுதிய சொல் அதில் இருக்கிறதா என்று பார்க்கிறது, அவ்வளவே. இக்கலையின் தொடக்கமும் இத்தகைய பட்டியல்தான். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1961-ஆம் ஆண்டில் லெஸ் எர்னஸ்ட் என்பவர், கூட்டெழுத்தாகக் கையால் எழுதியதைக் கணினி படிக்கச் செய்யும் முயற்சியில், பத்தாயிரம் சொற்கள் கொண்ட பட்டியலைப் பயன்படுத்தினார். பிறர் எழுதிய உரையில் பிழை காண்பதற்கென்றே அமைந்த நிரலை 1971-இல் ஸ்டான்ஃபோர்டில் ரால்ஃப் கோரின் எழுதினார். பின்னர் பெல் ஆய்வுக்கூடத்தில் டக் மெக்கில்ராய், ஏறத்தாழ முப்பதாயிரம் சொற்களை அக்காலத்துக் கணினியின் 64 கிலோபைட்டு நினைவகத்திற்குள் அடக்கிக் காட்டினார். சொல்லின் முன்னும் பின்னும் ஒட்டும் உறுப்புகளைக் களைந்து, வேரை மட்டும் சேமித்துவைப்பது அவர் கையாண்ட உத்திகளுள் ஒன்று. பகுதி, விகுதி என்று பிரித்துப் பழகிய தமிழருக்கு இது புதுமையாகத் தோன்றாது.

பிழையைக் காட்டுவது ஒரு வேலை. மாற்றுச் சொல்லை நீட்டுவது மற்றொரு வேலை. பள்ளத்தாக்கு எங்கிருந்து வந்தது என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. ஃபிரெட் டமராவ் என்பவர் 1964-இல் வெளியிட்ட கட்டுரையில், பிழைகளுள் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டவை நான்கு வகைகளில் ஒன்றாகவே இருக்கின்றன என்று காட்டினார். ஓர் எழுத்து விடுபடுதல், ஓர் எழுத்து மிகுதல், ஓர் எழுத்துக்கு மற்றொன்று வருதல், அடுத்தடுத்த இரண்டு எழுத்துகள் இடம் மாறுதல் என்பன அந்நான்கு. ஆகவே ஒரு பிழைச்சொல்லை இந்நான்கு வழிகளிலும் மாற்றிப் பார்த்து, பட்டியலில் உள்ள சொல் எது கிடைத்தாலும் எடுத்து நீட்டலாம். ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல் ஒன்றுக்கு இவ்வாறு 290 மாற்றங்கள் செய்து பார்த்தால் போதும். கணினிக்கு அது கண்ணிமைக்கும் நேரத்து வேலை. இவ்வழிகளில் ஓரடியும் ஈரடியும் எடுத்து வைத்து, தனக்குத் தெரிந்த மிக அண்மையான சொல்லைக் கண்டு நம்மிடம் தருகிறது. அண்மை என்பது இங்கே எழுத்தின் அண்மை. பொருளின் அண்மை அன்று. வள்ளி என்னும் பெயரை அறியாத ஒன்று, தான் அறிந்தவற்றுள் அவளுக்குப் பக்கத்தில் நிற்பதை எடுத்துக் கொடுத்தது. அதனை ஏற்றது நம் கை.

இனி, உலாவியை மாற்றினால் திருத்தியும் மாறுமா? பலரும் அவ்வாறே எண்ணுகின்றனர். நாமும் எண்ணினோம், ஒன்றை நீக்கி மற்றொன்றை நிறுவி, ஒரு மாலைப்பொழுதை வீணாக்கினோம். உண்மை யாதெனில், ஃபயர்ஃபாக்ஸ் உலாவி 2006-ஆம் ஆண்டு அக்டோபரில் வெளிவந்த தன் இரண்டாம் பதிப்பில் தட்டும்போதே பிழை காட்டும் வசதியைச் சேர்த்தது. 2008-இல் வந்த மூன்றாம் பதிப்பிலிருந்து ஹன்ஸ்பெல் என்னும் திருத்தியைப் பயன்படுத்துகிறது. அதே ஆண்டில் தோன்றிய குரோம் உலாவியும் ஹன்ஸ்பெல்லையே அடிப்படையாகக் கொண்டது. சில இயங்குதளங்களில் மட்டும் அவ்வியங்குதளத்தின் சொந்தத் திருத்தியை நாடுகிறது. லிபர்ஆஃபீஸ் என்னும் எழுதுபொருள் தொகுப்பிலும் ஹன்ஸ்பெல்தான். கடை வேறு, சரக்கு ஒன்று. ஆதலின் மாற்ற வேண்டியது பெரும்பாலும் உலாவியை அன்று. அதற்குக் கொடுக்கப்பட்டிருக்கும் அகராதியை.

ஃபயர்ஃபாக்ஸின் அமெரிக்க ஆங்கிலப் பதிப்பை நிறுவியவருக்கு அமெரிக்க அகராதியே உடன் வருகிறது. நம் பள்ளிகளில் நிறம் என்பதற்கு சி, ஓ, எல், ஓ, யூ, ஆர் என்று கற்பித்தார்கள். அமெரிக்கருக்கு அதில் யூ கிடையாது. ஆகவே நாற்பது ஆண்டுகளாக நாம் சரியாக எழுதிவந்த சொல்லுக்கு அடியில் சிவப்புக் கோடு. உலாவியின் துணைநிரல் பகுதிக்குச் சென்று, பிரிட்டிஷ் ஆங்கில அகராதியைத் தேடி நிறுவி, எழுதும் பெட்டியில் வலப்பொத்தானை அழுத்தி மொழியை மாற்றிக்கொண்டால் இத்தொல்லை ஒழிந்துவிடும். ஐந்து நிமிட வேலை. செலவு ஒன்றும் இல்லை. நம் திரையிலிருந்த கோடுகளுள் பெரும்பகுதி இந்த ஒரு மாற்றத்தாலேயே மறைந்தது.

அப்படியானால், எல்லாச் சொற்களும் அடங்கிய மாபெரும் அகராதி ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டால் என்ன? இங்கேதான் ஒரு சுவையான வழக்கு இருக்கிறது. ஜேம்ஸ் பீட்டர்சன் என்பவர் 1986-இல் ஒரு கணக்கு வெளியிட்டார். பிழையாகத் தட்டிய சொல், தற்செயலாக மற்றொரு நல்ல சொல்லாக அமைந்துவிட்டால் திருத்தி அதனைக் காணாது. படிவம் என்னும் பொருளுடைய எஃப், ஓ, ஆர், எம் என்பதைத் தட்டப் போய், 'இலிருந்து' என்னும் பொருளுடைய எஃப், ஆர், ஓ, எம் என்று தட்டிவிட்டால், இரண்டும் பட்டியலில் உள்ளவை, கோடு வாராது. பட்டியல் பெருகப் பெருக இவ்வாறு ஒளிந்துகொள்ளும் பிழைகளும் பெருகும் என்றார் அவர். சிறு பட்டியலில் நூற்றுக்கு இரண்டாக இருப்பது, மூன்றரை லட்சம் சொற்கள் கொண்ட பட்டியலில் நூற்றுக்குப் பதினாறை நெருங்கும் என்பது அவர் கணக்கு. யாரும் எழுதாத அருஞ்சொற்களைச் சேர்ப்பதால் வரும் கேடு இது.

மூன்று ஆண்டு கழித்து, முன்னர்ச் சொன்ன டமராவும் மேஸ் என்பவரும் சேர்ந்து இதற்கு மறுப்பு எழுதினர். மக்கள் உண்மையில் எழுதிய உரைகளை எடுத்துக்கொண்டு சோதித்தபோது, வழக்கில் மிகுந்த சொற்களின் வரிசைப்படி பட்டியலை ஐம்பதாயிரத்திலிருந்து அறுபதாயிரமாக உயர்த்தியதில், நல்ல சொல்லைப் பிழை என்று காட்டிய குற்றம் 1,348 இடங்களில் நீங்கியது. பிழையை நல்லதென்று விட்டுவிட்ட குற்றம் 23 இடங்களிலேயே கூடியது. இருவர் சொல்வதிலும் உண்மை உண்டு என்றே நமக்குத் தோன்றுகிறது. பெருக்குவதானால், நாம் உண்மையில் எழுதும் சொற்களைக் கொண்டு பெருக்க வேண்டும். நம் வீட்டார் பெயர், ஊர்ப்பெயர், தொழிற்சொல் ஆகியவற்றை எந்த அயல்நாட்டு அகராதியும் நமக்காகச் சேர்த்துவைக்காது. அதற்காகவே 'அகராதியில் சேர்' என்னும் ஒரு கட்டளை உலாவியில் இருக்கிறது.

தமிழ் எழுதுவோருக்கு நிலைமை இன்னும் கடினமானது. எழுத்து வகையையே எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் ஐந்தெழுத்துச் சொல்லுக்கு 290 மாற்றங்கள் என்றோம். நம் இருநூற்று நாற்பத்தேழு எழுத்துகளைக் கொண்டு அதே கணக்கைப் போட்டால் 2,721 ஆகிறது. கணினி நம் உயிர்மெய்யை மெய்யடையாளமாகவும் உயிர்க்குறியாகவும் பிரித்தே வைத்திருப்பதால், அது கையாளும் குறிகள் ஐம்பதுக்கும் குறைவே. ஆதலின் இத்தடை அத்துணைப் பெரிதன்று. ஆனால் அப்பிரிவிலேயே வேறொரு சிக்கல் பிறக்கிறது. ஔவை என்னும் பெயரின் முதலெழுத்து ஒரே உயிர். பலர் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டிவிடுகின்றனர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு வேறு வேறு. அவ்வாறே 'கொ' என்பதில் உள்ள கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் இடலாம். இரண்டு குறிகளாகவும் இடலாம். இரண்டும் ஒன்றே என்று யூனிகோடு விதி கூறுகிறது. அவ்விதியைப் பின்பற்றாத நிரலோ ஒன்றை ஏற்று மற்றொன்றைத் தள்ளும். சரியாகத் தோன்றும் சொல்லுக்கு அடியில் கோடு கண்டு மலைத்து நிற்கும் அன்பர்கள், அந்தச் சொல்லை அழித்துவிட்டு மறுபடி ஒருமுறை தட்டிப் பார்ப்பது நலம்.

இதனினும் பெரியது சொல்லமைப்பு. 'மரம்' என்பது பட்டியலில் இருந்தால் போதாது. மரத்தை, மரத்தால், மரங்களுக்கும், மரங்களிலிருந்துதானா என்று அது கிளைத்துக்கொண்டே போகும். வினையோ இன்னும் மேல். 'படித்துக்கொண்டிருந்தவர்களுக்கும்' என்பது நமக்கு இயல்பான ஒரு சொல். இங்கே நமக்கு ஒரு தூரத்து உறவு கிடைக்கிறது. ஹன்ஸ்பெல் என்பதன் முற்பகுதி ஹங்கேரி நாட்டைக் குறிப்பது. அதனை உருவாக்கிய லாஸ்லோ நெமெத் அந்நாட்டவர். ஹங்கேரி மொழியும் தமிழைப் போலவே ஒட்டுகளை அடுக்கிச் செல்லும் இயல்புடையது. ஆங்கிலத்துக்கென அமைந்த பழைய திருத்திகள் தம் மொழிக்குப் போதவில்லை என்பதனாலேயே அவர் இதனை ஆக்கினார். வேர்ச்சொற்கள் ஒரு கோப்பிலும், எந்த வேருக்கு எந்த ஒட்டு சேரும், சேரும்போது எந்த எழுத்து கெடும் என்ற விதிகள் மற்றொரு கோப்பிலும் இருக்கும். மகரம் கெட்டு அத்துச்சாரியை வருவதை அதில் ஒரு விதியாக எழுதலாம். எனினும் பின்னொட்டை இரண்டு படிகள் வரையில்தான் அது உரித்துப் பார்க்கும். நம் வினைச்சொல் அதற்கு மேலும் அடுக்கி நிற்பதால், இடையுறுப்புகள் பலவற்றை முன்கூட்டியே இணைத்து எழுதிவைக்க வேண்டியிருக்கிறது. தமிழகராதி இவ்வுலாவிகளுக்கு இல்லாமல் இல்லை. குரோமிலும் உண்டு, ஃபயர்ஃபாக்ஸில் சேர்த்துக்கொள்ளவும் இயலும். ஆனால் சற்று நீண்ட சொல் வந்தவுடன் அது திகைக்கிறது. ஒரு பத்தி எழுதினால் பாதிச் சொற்கள் சிவந்து நிற்பதும் உண்டு. பாதி சிவந்தபின் எவரும் கோட்டைப் பார்ப்பதில்லை.

ஒற்று மிகும் இடமும் மிகா இடமும் ஒரு தனிச்சொல்லுக்குள் இல்லை. இரண்டு சொற்களுக்கு இடையில் இருக்கின்றன. 'மரத்தைக்' என்பதும் 'மரத்தைப்' என்பதும் இடத்துக்கேற்பச் சரியானவை. சொல்லைத் தனியே எடுத்துப் பார்க்கும் திருத்தி இரண்டையும் ஏற்றுத்தான் ஆக வேண்டும். ஆதலின் சந்திப்பிழையை அது என்றும் காணாது. மனத்தை மணமாக்கினாலும், பள்ளியைப் பல்லியாக்கினாலும் அவ்வாறே வாளாவிருக்கும். இக்குறையைப் போக்கவே நீச்சல்காரன் என்னும் புனைபெயருடைய அன்பர் சந்திப்பிழைக்கு நாவி என்றும், சொற்பிழைக்கு வாணி என்றும் இரண்டு கருவிகளை இணையத்தில் அமைத்தார். எழுதியதை அங்கே கொண்டுபோய் ஒட்டிச் சோதிக்க வேண்டும். தட்டும்போதே காட்டும் வசதிக்கு அது ஈடன்று. ஆயினும் முதன்மையான மடல்களுக்கு நாம் இப்போது அந்தச் சிரமத்தை மேற்கொள்கிறோம். 'வாழ்த்துகள்' என்பதா, 'வாழ்த்துக்கள்' என்பதா என்று புலவர்களிடையே நடக்கும் போரில் எந்தப் பக்கம் நிற்பது என்பதையும் இத்தகைய கருவியை ஆக்குவோர் தாமே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. அதில் நாம் தலையிட விரும்பவில்லை.

நாம் தேடிய 'மேலான திருத்தி' என்ற பெயருடனேயே ஒன்று குரோமில் இருக்கிறது. எளிய திருத்தம், மேம்பட்ட திருத்தம் என்று அமைப்புப் பகுதியில் இருவகை காட்டும். மேம்பட்டது உண்மையிலேயே திறமை மிக்கது. ஒரு சொல்லை மட்டும் பாராது, அதன் அக்கம்பக்கத்தையும் பார்க்கிறது. ஆனால் அது நம் கணினிக்குள் வேலை செய்வதில்லை. நாம் தட்டுவதையெல்லாம் நிறுவனத்தின் தொலைக்கணினிக்கு அனுப்பி, அங்கிருந்து விடை பெறுகிறது. நாமே தெரிந்தெடுத்தாலன்றி அது இயங்காது என்பது ஆறுதல். இத்தகைய மேம்பட்ட திருத்தங்களை இயக்கியிருக்கும்போது, படிவங்களில் தட்டும் பெயர், முகவரி முதலியனவும் வெளியே செல்கின்றன. கடவுச்சொல்லை வெளிப்படையாகக் காட்டும் பொத்தானை அழுத்தினால் கடவுச்சொல்லும் செல்கிறது என்று 2022-இல் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர். வங்கிக் கணக்கு எண்ணும் மருத்துவர் கூறிய நோயின் பெயரும் எழுதப்படும் பெட்டிகள் இவை. எழுத்துப்பிழை நீங்குவதற்காக அவ்வளவையும் அயலாரிடம் படிக்கக் கொடுக்க நமக்கு மனம் வரவில்லை. இக்காலத்துச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளுக்கும் இக்கேள்வி பொருந்தும். அவை பிழையைத் திருத்துவதோடு நில்லாமல் நம் வாக்கியத்தையும் தம் போக்கில் மாற்றி எழுதிவிடுவது வேறு.

இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு வழி உண்டு. லாங்குவேஜ்டூல் என்பது 2003-இல் டேனியல் நாபர் தொடங்கிய நிரல். சொல்லையன்றி இலக்கண விதிகளையும் நோக்குவது. அதன் மூலநிரல் எவருக்கும் திறந்திருப்பதால், கணினி அறிந்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் தம் கணினியிலேயே அதனை நிறுவிக்கொள்ளலாம். எழுதியது வீட்டைத் தாண்டாது. படிவத்தையும் 'இலிருந்து' என்பதையும் மாற்றித் தட்டியதை எளிய திருத்தி விட்டுவிடும் இடங்களிலும், இது பலமுறை பிடித்துக் கொடுத்தது.

இவ்வளவு தேடிய பிறகு நம் கணினியில் இப்போது இருப்பது பழைய உலாவிதான். அதில் பிரிட்டிஷ் அகராதியைச் சேர்த்தோம். மேம்பட்ட திருத்தத்தைத் தொடவில்லை. பெயர் வரும் இடங்களில் கை விரைவதில்லை. அனுப்பும் பொத்தானை அழுத்துமுன் பெயரையும் எண்களையும் மட்டும் வாய்விட்டு ஒருமுறை படிக்கிறோம். வள்ளியின் பெயரைத்தான் முதன்முதலில் அகராதியில் சேர்த்தோம். பிறகு தெருவில் உள்ளவர்களின் பெயர்கள், ஊர்கள், லட்சம், கோடி என்னும் பொருளுடைய நம் நாட்டு ஆங்கிலச் சொற்கள் என்று அது வளர்ந்தது.

இவ்வாறு சேர்ப்பவை ஒரு சிறு கோப்பில் வரிக்கு ஒரு சொல்லாக அமர்கின்றன. சென்ற வாரம் அதனைத் திறந்து பார்த்தோம். அறுபத்துமூன்று சொற்கள் இருந்தன. அவற்றுள் அறுபத்திரண்டு நல்லவை. ஒன்று, பெறுதல் என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லில் ஈயும் ஐயும் இடம் மாறி நின்றது. ஏதோ ஒரு நாள் கோட்டின்மேல் சினங்கொண்டு, திருத்துவதற்கு மாறாக 'அகராதியில் சேர்' என்பதை அழுத்தியிருக்கிறோம். அன்றுமுதல் அப்பிழையைத் திருத்தி எங்கும் காட்டவில்லை. எத்தனை கடிதங்களில் அது போயிற்றோ? அந்த வரியை அழித்துவிட்டுக் கோப்பை மூடினோம்.